1,300 கோடியும் மாப்பிள்ளையின் கொண்டாட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது ஃபிலடெல்ஃபியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன், மே மாதம் ஊர் திரும்புகிறேன். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மாப்பிள்ளை திடீரென்று போட்ட சத்தத்தில் பேரன் தூக்கத்திலிருந்து எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான். என்னவென்று பார்த்தால், கைல் ஷ்வார்பர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் இந்த ஊர் ஃபில்லீஸ் அணியோடு ஐந்து வருடத்துக்கு 15 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டாராம். நம் பணத்தில் 1,300 கோடிக்கு மேல்! எண்களைத் தேடிப் பார்த்தேன். சராசரி .240. அதாவது நாலு முறை இறங்கினால் ஒரு முறைகூட உருப்படியாக அடிப்பதில்லை. போன சீசனில் 197 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். நம் ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பந்த்துக்கு 27 கோடி கொடுத்ததற்கே வாயைப் பிளந்தோம். முதலாளி செலவழிக்கும் பணத்துக்கு ரசிகர்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள்? இதே ஊர்க்காரர்கள் சொந்த ஆட்டக்காரர்களையே கூச்சல் போட்டு அவமானப்படுத்துவார்கள் என்றும் படித்தேன். மாப்பிள்ளையிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஏப்ரலில் மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். நீங்கள் அந்தப் பக்கம் சில காலம் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

வங்கிக்காரர் என்பதால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கிரிக்கெட்டில் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸில் அவருக்கு அவ்வளவுதான். பேஸ்பாலில் அதே ஆள் ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறை திரும்ப வருவார். ஆகவே அவுட் ஆவது அங்கே அவ்வளவு பெரிய குற்றமில்லை. ஷ்வார்பரின் 2023-ஐப் பாருங்கள், சராசரி இன்னும் மோசம், .197. ஆனால் 47 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. அதோடு 126 முறை, எல்லைக்கு வெளியே போன பந்துகளைத் தொடாமல் விட்டு, மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்து போனார். அந்த நடைகள் சராசரிக் கணக்கில் சேர்வதே இல்லை. போன சீசனில், 2025-இல், 56 ஹோம் ரன். ஆகஸ்ட் 28 அன்று அட்லாண்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு. நீங்கள் பார்த்த .240 பொய்யில்லை, அந்த ஆளைப் பற்றி அது அதிகம் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவரால் கிடைக்கும் லாபம் அவர் பெயரிலேயே வரவு வைக்கப்படும் என்றும் இல்லை. 2019 மார்ச் 28, ஃபில்லீஸுக்காக பிரைஸ் ஹார்ப்பர் என்ற நட்சத்திரம் ஆடிய முதல் ஆட்டம். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. வலதுபக்க ரசிகர்களைப் பார்த்து அவர் குனிந்து வணங்கினார். அன்றைக்கு ஒரு ஹிட் கூட இல்லை. ஆனால் ஏழாவது இன்னிங்ஸில் அவருக்குப் பந்து போடவே பயந்து, அட்லாண்டாக்காரர்கள் வேண்டுமென்றே அவரை முதல் தளத்துக்கு நடக்கவிட்டார்கள். தளங்கள் நிறைந்தன. அடுத்து வந்த ரீஸ் ஹாஸ்கின்ஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். ஒரே அடியில் நாலு ரன், ஆட்டம் 10-4. பேப்பரில் ஹார்ப்பர் பெயருக்கு நேரே ஹிட் பூஜ்யம்.

சரி, இதெல்லாம் ஏன் பணம் கொடுக்கிறார்கள் என்பதற்கான பதில். உங்கள் கேள்வி ரசிகர்கள் ஏன் குதிக்கிறார்கள் என்பது. அதற்கு நீங்கள் எடுத்த ஐபிஎல் ஒப்பீட்டையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஏலத்தில் பந்த் லக்னோவுக்குப் போனார் என்றால், லக்னோ அதிகம் கேட்டது என்று அர்த்தம். அவருக்கு லக்னோ பிடிக்குமா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ஷ்வார்பர் விஷயம் வேறு. பழைய ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்டாக நின்றார். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். போகவில்லை. உங்கள் மாப்பிள்ளை கத்தியது அதற்குத்தான் என்பது என் எண்ணம். வேறு ஊராக இருந்தால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். ஃபிலடெல்ஃபியா, வர மாட்டேன் என்று சொல்லக் கேட்டே பழகிய ஊர்.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. பன்னிரண்டு சீசன் அங்கே ஆடியவர், கறுப்பினத்தவர். அந்தக் காலத்து விதிப்படி அணி கைகாட்டும் இடத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தையே விட வேண்டும். ஃப்ளட் போக மறுத்தார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து இல்லை என்று பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு, நீதிமன்றம் போனார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அந்த வழக்கோடு போயிற்று. ஆனால் அவர் தட்டிய கதவு 1975 டிசம்பரில் வேறு இரண்டு பிட்சர்களுக்காக, அதாவது பந்து வீசுபவர்களுக்காக, திறந்தது. இன்றைக்கு ஷ்வார்பர் விலை பேசும் உரிமை அங்கிருந்துதான் வருகிறது.

ஃப்ளட் வர மறுத்த ஊர் இதுதான். அந்த மாற்றத்தில் ஃபிலடெல்ஃபியா கொடுத்த ஆள் யார் தெரியுமா? டிக் ஆலன். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய அதிரடி மட்டையாளர்களில் ஒருவர், அவரும் கறுப்பினத்தவர். சொந்த ரசிகர்களே அவர்மேல் கையில் கிடைத்ததை எறிந்தார்கள், அதனால் ஃபீல்டிங் செய்யும்போதும் ஹெல்மெட் போட்டு நின்றார். 1969-இல் முதல் தளத்தருகே மண்ணில் ஷூ முனையால் எழுத ஆரம்பித்தார். ரசிகர்கள் போடும் கூச்சலையே ஒரு நாள் எழுதினார். எழுதாதே என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் ‘ஏன்’ என்று எழுதினார். இப்போது அவர் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார், 2020-இல் இறந்த பிறகு கிடைத்த கௌரவம்.

அப்புறம் 1997-இல் புதியவர்கள் தேர்வில் ஃபில்லீஸ் எடுத்த ஜே. டி. ட்ரூ, கேட்ட பணம் கிடைக்காமல் கையெழுத்துப் போட மறுத்து, அடுத்த வருடம் செயின்ட் லூயிஸில் சேர்ந்தார். 1999-இல் அவர் இந்த ஊருக்கு ஆட வந்தபோது பேட்டரிகளை எறிந்தார்கள். டார்ச் லைட்டில் போடுகிற கனமான பேட்டரி. 2002-இல் ஸ்காட் ரோலன் நீண்ட ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் போனார், அவரும் செயின்ட் லூயிஸுக்கே. இரண்டு ஊருக்கும் ஏதோ முன்ஜென்மக் கணக்கு இருக்கிறது.

ரோலன் போன அதே வருடக் கடைசியில் கிளீவ்லாந்தின் ஜிம் தோமி ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தார். மைதானத்து வாசலில் எலக்ட்ரீஷியன் சங்கத்துக்காரர்கள் தொழில் ஹெல்மெட்டோடு நின்று, வந்துவிடு வந்துவிடு என்று ஆரவாரம் செய்தார்கள். அவரும் காரைவிட்டு இறங்கி அவர்களோடு கைகுலுக்கினார். ஆறு வருடம், 8.5 கோடி டாலர். அடுத்த சீசனில் 47 ஹோம் ரன் அடித்தார். ஆனால் அந்த ஊர்க் கிழவர்களிடம் கேட்டால் 47-ஐ விட அந்த ஹெல்மெட் வரவேற்பைத்தான் விவரமாகச் சொல்வார்கள்.

ஹார்ப்பரும் இந்த வரிசையில்தான். 2018 நவம்பரில் ஃபில்லீஸ் உரிமையாளர் ஜான் மிடில்டன், பணத்தைச் செலவழிப்போம், கொஞ்சம் முட்டாள்தனமாகக்கூடச் செலவழிப்போம் என்று பேசிவிட்டார். அதன்பின் ஊரே காத்திருந்தது. டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. அப்போது என்னோடு வேலை பார்த்த ஒருவர் மீட்டிங்கில்கூட மேஜைக்கடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், பெண் வீட்டுச் சம்மதத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி. பிப்ரவரி 28 அன்று செய்தி வந்தது, 13 வருடம், 33 கோடி டாலர். அந்த நேரத்தில் பேஸ்பால் வரலாற்றிலேயே பெரிய தொகை. அன்றைக்கே ஒரு லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது.

தொகையைவிட அந்த ஊர்க்காரர்கள் வாயில் அடிக்கடி வந்தது வேறொரு விஷயம். இவ்வளவு நீளமான ஒப்பந்தங்களில், சில வருடம் கழித்து ஆட்டக்காரர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து வைப்பார்கள். ஹார்ப்பர் அது வேண்டாம் என்றார். தன் சம்மதமின்றி அணி தன்னை வேறெங்கும் மாற்றக் கூடாது என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாஷிங்டனில் அணிந்த 34-ஆம் எண்ணையும் கேட்கவில்லை. அது 2017-இல் விமான விபத்தில் இறந்த ஃபில்லீஸ் பிட்சர் ராய் ஹாலடே அணிந்தது, அவரோடேயே இருக்கட்டும் என்று 3-ஐ எடுத்துக்கொண்டார். இதெல்லாம் ஓர் அடி அடிப்பதற்கு முன்பே. இத்தனைக்கும் அறிமுகக் கூட்டத்தில் வாய் தவறி, கோப்பையை வாஷிங்டனுக்குக் கொண்டுவருவோம் என்று சொல்லிவிட்டார். அதையும் சிரித்து விட்டுவிட்டார்கள்.

அந்த வாய்த்தவறுதல் பலித்ததுதான் வேடிக்கை. 2019 கோப்பையை ஹார்ப்பர் விட்டுவந்த வாஷிங்டனே ஜெயித்தது. ஃபில்லீஸ் 81 வெற்றி, 81 தோல்வி. பணம் வீண் என்று பேசியவர்களுக்கு அந்த வருடம் நல்ல தீனி. 2022 அக்டோபர் 23 அன்று சான் டியாகோவுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில், தூறல் மழையில், ராபர்ட் சுவாரஸ் பந்தை எதிர்ப்பக்கமாக இடது மூலைக்கு அடித்து அணியை உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஆனால் கோப்பை அப்போதும் ஹூஸ்டனுக்குப் போனது.

எல்லா ஒப்பந்தமும் இப்படி ஒப்பேறுவதில்லை. 2006-இல் 58 ஹோம் ரன் அடித்த ரையன் ஹோவர்டுக்கு, பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருக்கும்போதே 2010-இல் 12.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். அது நடைமுறைக்கு வருமுன், 2011 பிளேஆஃபின் கடைசி அவுட்டில் முதல் தளத்துக்கு ஓடும்போது குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். எதிரணி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதே செயின்ட் லூயிஸ். பால்டிமோரில் கிறிஸ் டேவிஸுக்கு 2016-இல் 16.1 கோடி கொடுத்தார்கள், 2018-இல் அவர் சராசரி .168. அடுத்த வருடத் தொடக்கம் வரை 54 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட் இல்லை. அதே பால்டிமோர்தான் ஷ்வார்பர் செய்தி வந்த மறுநாள் பீட் அலோன்சோவுக்கு 15.5 கோடி கொடுத்தது. 264 ஹோம் ரன் அடித்து மெட்ஸ் அணியின் சாதனையை வைத்திருந்தவர் போனதில் நியூயார்க்கில் பாதி ஊர் துக்கம் காத்தது. ஒப்பந்தம் போட்டபோது ஷ்வார்பருக்கு வயது 32, ஓடவும் ஃபீல்டிங் செய்யவும் ஆகிற உடம்பு இல்லை. கடைசி இரண்டு வருடம் மாப்பிள்ளைக்கு எரிச்சலாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அது அவருக்கும் தெரியும்.

கூச்சல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். 548 ஹோம் ரன் அடித்த மைக் ஷ்மிட்டையே விடவில்லை. 1985-இல் அவர் ரசிகர்களைத் திட்டிப் பேட்டி கொடுத்துவிட்டு, அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு நீள முடி விக்கும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார், அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று. கூச்சல் போடத் தயாராக வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். 2023-இல் 30 கோடி டாலர் ட்ரே டர்னர் மாதக்கணக்கில் தடுமாறியபோது, உள்ளூர் ரேடியோவில் ஒருவர் கிளப்பிவிட, ஆகஸ்ட் 4 அன்று கூச்சலுக்குப் பதில் அரங்கமே எழுந்து கைதட்டியது. அதற்குப் பிறகு அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஊரில் விளம்பரப் பலகை வைத்து நன்றியும் சொன்னார். ஆகவே, ஷ்வார்பர் இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் உங்கள் மாப்பிள்ளை எழுந்து நின்று கத்தினால் பதறாதீர்கள்.

ஏப்ரலுக்கு இரண்டு யோசனை. ஷ்வார்பர் இடதுகை மட்டையாளர், பந்து பெரும்பாலும் வலதுபக்க இருக்கைகளுக்கு வரும். அந்தப் பக்கம் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். முன்பு ஒரு டாலருக்கு ஹாட்டாக் விற்கும் நாட்கள் இருந்தன. 2023-இல் ஜனங்கள் அதை வாங்கி ஒருவர்மேல் ஒருவர் எறிய ஆரம்பித்ததால் மறுவருடமே நிறுத்திவிட்டார்கள். மற்றதெல்லாம் யானை விலை, மகளிடம் சொல்லி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.