ஸ்பிளிட்டர் வைத்துக் கொடுத்தால் சிறையா?

கேள்வி: வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் கேம் கன்சோல் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தாங்கள் ஆடும் கால்பந்து விளையாட்டைப் பதிவுசெய்வதற்காக அக்கம்பக்கத்துப் பையன்கள் கேப்சர் கார்டு (திரையில் ஓடும் படத்தைக் கணினியில் பதிவுசெய்யும் கருவி) வாங்கி வருகிறார்கள். ப்ளேஸ்டேஷன் 3 கன்சோலை அதில் இணைத்தால் கறுப்புத் திரைதான் தெரிகிறது. இடையில் ஓர் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரை (ஒரு கேபிளில் வரும் படத்தைப் பல கருவிகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) வைத்தால் படம் வந்துவிடுகிறது. கன்சோலின் மென்பொருளை மாற்றி, நகல் விளையாட்டுகளை ஏற்றித் தரும்படியும் சிலர் கேட்கிறார்கள். போன வாரம் ஒருவர் வந்து, தான் கம்பெனியின் சார்பில் ஆய்வு செய்பவர் என்றார். நான் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைக்கிறேன் என்றும், 40,000 ரூபாய் தராவிட்டால் கைதாவேன் என்றும் மிரட்டிவிட்டுப் போனார். நான் செய்வது குற்றமா, ஐயா?

பதில்: நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கும் இரண்டு வேலைகளையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதலாவதற்காக நீங்கள் பயப்படத் தேவையில்லை. இரண்டாவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அந்தக் கறுப்புத் திரைக்குக் காரணம் எச்டிசிபி என்ற பாதுகாப்பு ஏற்பாடு. கன்சோலும் டிவியும் தமக்குள் சாவிகளைப் பரிமாறிக்கொள்ளும். எதிரில் உள்ள கருவி சரியான பதில் தராவிட்டால் படம் போகாது. படங்களை யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த இந்தப் பூட்டு, பையன் தன் கையால் போட்ட கோலையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. ப்ளேஸ்டேஷன் 3-ல் எச்டிஎம்ஐ வழியாக வரும் எல்லாவற்றுக்கும் இந்தப் பூட்டு உண்டு. சில ஸ்பிளிட்டர்கள் இந்தப் பூட்டைக் கழற்றிவிட்டுப் படத்தை அனுப்புகின்றன; அதனால்தான் உங்களுக்குப் படம் வருகிறது.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவுதான் இங்கே பொருந்தும். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். ஆனால் பூட்டை மீறினாலே குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை மீறினால்தான் குற்றம். இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்தால் அதைத் தடுக்க முடியாது என்றும் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி; அங்கே பூட்டை உடைக்கும் கருவியை விற்பதே தடைசெய்யப்பட்டிருக்கிறது. உங்களை மிரட்டியவர் அந்த ஊர்ச் சட்டத்தை இந்த ஊரில் காட்டிப் பயமுறுத்தியிருக்கலாம்.

ஆனால் உங்களைப் போன்ற கடைக்காரருக்கு அந்த இரண்டாம் உட்பிரிவு ஒரு கடமையையும் வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது. இன்னொருவர் பூட்டைக் கடக்க நீங்கள் உதவினால், அவருடைய பெயர், முகவரி, அடையாள விவரங்கள், எதற்காக உதவினீர்கள் என்பது ஆகியவற்றை முழுமையாகப் பதிவுசெய்து வைக்க வேண்டும். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தேதி, பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை விவரம், கன்சோலின் சீரியல் எண், "சொந்த விளையாட்டைப் பதிவுசெய்ய ஸ்பிளிட்டர் பொருத்தப்பட்டது" என்ற வரி, கீழே வாடிக்கையாளரின் கையெழுத்து. நாளை யார் கேட்டாலும் உங்கள் நோக்கத்துக்கு அந்த நோட்டுதான் சாட்சி.

பூட்டைத் தொடாமலே வேலை முடியுமா என்பதையும் முதலில் பாருங்கள். ப்ளேஸ்டேஷன் 4-இல் 2014 முதலும், ப்ளேஸ்டேஷன் 5-இலும், சிஸ்டம் அமைப்புகளுக்குள் போய் எச்டிசிபி-யை அணைத்துவிடலாம். தயாரிப்பாளரே கொடுத்த வசதி. அணைத்திருக்கும்போது சினிமா பார்க்கும் செயலிகள் ஓடாது, அவ்வளவுதான். ப்ளேஸ்டேஷன் 3-க்கு காம்போனென்ட் கேபிள் (எச்டிஎம்ஐ-க்குப் பதிலாகப் படத்தைத் தனித்தனி வயர்களில் அனுப்பும் பழைய வகை கேபிள்) போதும். அதில் எச்டிசிபி கிடையாது, விளையாட்டும் எச்டி தரத்தில் வரும். அந்த கேபிளை ஏற்கும் கேப்சர் கார்டாக வாங்கச் சொல்லுங்கள். இதே வழியில் ப்ளூ-ரே படத்தை நகலெடுத்துத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கே நோக்கம் மாறிவிடுகிறது.

நகல் விளையாட்டு ஏற்றும் வேலையில் உங்களுக்குச் சாதகமாக நான் சொல்லக்கூடியது எதுவுமில்லை. 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றத்தில் பிடியாணை இல்லாமல் கைதுசெய்யலாம், ஜாமீனுக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நகல் விளையாட்டு என்று தெரிந்தே ஆடுபவருக்கும் 63பி பிரிவில் தண்டனை உண்டு. ஒருவர் முறையாக வாங்கிய மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுத்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. நூறு விளையாட்டு நிரம்பிய ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பெற்றோர் கஷ்டப்பட்டுச் சேர்த்த காசில் வாங்கிய கன்சோலைப் பையன்கள் உங்களிடம் நம்பிக் கொடுக்கிறார்கள். அது காவல் நிலைய அறையில் கிடக்கும் நிலையை வரவழைக்காதீர்கள்.

இனி அந்த மனிதர். தனியார் யாருக்கும் உங்கள் கடையைச் சோதிக்கவோ பொருளை எடுத்துப் போகவோ அதிகாரம் கிடையாது. 64ஆம் பிரிவில் பிடியாணை இல்லாமல் பறிமுதல் செய்யும் அதிகாரம் உதவி ஆய்வாளருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் மட்டுமே உண்டு. அப்படி நடந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105ஆம் பிரிவின்படி அதை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும். பொருள்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளரின் கன்சோல் சிக்கினால், அதைத் திரும்பப் பெற 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டும்.

வழக்குப் போடுவதாகப் பயமுறுத்திப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் தண்டனைச் சட்டம்) 308ஆம் பிரிவின் கீழ் வருகிறது. பணம் பறித்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை; பறிப்பதற்காக மிரட்டியதற்கே தனித் தண்டனை உண்டு. அவர் உண்மையாகவே உரிமையாளரின் ஆள் என்றாலும், ஆதாரமில்லாத மிரட்டலை எதிர்த்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் நீங்களே உரிமையியல் வழக்குப் போட்டுத் தடையும் இழப்பீடும் கேட்கலாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை வந்தால் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். கடை கேமரா பதிவைப் பத்திரப்படுத்துங்கள். நடந்ததை எழுதி உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைக் காவல் துணை ஆணையருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தைக் கூப்பிடுங்கள்.