ஜெர்மனிக்குப் புதிதாகச் செல்பவர் எதை முதலில் முடிக்க வேண்டும்: வாடகை அறையையா, முகவரிப் பதிவையா?

தண்டையார்பேட்டையில் இருந்து முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி செல்ல இருப்பதாகவும், இவ்விரண்டில் எதை முதலில் கவனிப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்து, சில ஆண்டுகள் ஜெர்மனியில் வாடகைக்குக் குடியிருந்தவன் என்ற முறையில் என் பதில்: வாடகை எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பே, அந்த முகவரியில் உங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்றால், எவ்வளவு மலிவான அறையானாலும் விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் ஆதாரில் பழைய முகவரியை வைத்துக்கொண்டே நாலு வீடு மாறியவர்கள் உண்டு. அங்கே அது நடக்காது. 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின்படி, குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதை ஆன்மெல்டுங் என்கிறார்கள். பாஸ்போர்ட்டோடு, இன்னார் இன்ன தேதியில் குடிவந்தார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. இச்சான்றைத் தருவது அவருடைய சட்டக் கடமை என்றாலும், உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுபவர்கள் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி அதைத் தர மறுப்பார்கள். அவசரத்தில் வருகிற மாணவர்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அத்தகைய அறைகள்தாம். பணம் வாங்கிக்கொண்டு வெறும் முகவரியை மட்டும் தருகிறோம் என்பவர்களை நெருங்கவே வேண்டாம். குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக முகவரி தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வரி அடையாள எண், பதிவு முடிந்த பிறகு அந்த முகவரிக்கே தபாலில் வரும். அது இல்லாமல் பகுதிநேர வேலையில் சேர்ந்தால், சம்பளத்தில் மிக அதிகமான வரி வகுப்பின்படி பிடித்தம் செய்ய நேரிடும். விசாவுக்குப் பிந்தைய வசிப்பிட அனுமதிக்கும் இதே பதிவுச் சான்றைத்தான் கேட்பார்கள். தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டியாக வேண்டும். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும், நம் தெருத் தபால்காரரைப் போல முகம் பார்த்துக் கொடுக்க அங்கே ஆளில்லை.

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அங்கே இந்தச் சான்றுக்குச் சிக்கல் வராது. பெர்லின் போன்ற பெருநகரங்களில் முகவரிப் பதிவுக்கு இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பது கடினம் என்பதால், அறை உறுதியானவுடனே அந்த நேரத்தை முன்பதிவு செய்து, அதன் அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். பெர்லினில் எந்தப் பகுதியின் அலுவலகத்திலும் பதிவு செய்யலாம்.

பண விஷயத்தில், பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு அங்குள்ள சட்டம் நிம்மதி தருவது. வெப்பமூட்டல் முதலிய செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது; அதையும் மூன்று மாதத் தவணைகளில் செலுத்த உங்களுக்கு உரிமை உண்டு. விளம்பரத்தில் இருப்பது அடிப்படை வாடகையா, எல்லாம் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; எல்லாம் சேர்ந்தது என்றாலும் மின்கட்டணம் பெரும்பாலும் தனி. 2015 ஜூனில் இருந்து, தரகரை அமர்த்தியவரே தரகுக் கூலி தர வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர் மோசடிக்காரர்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டைக் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் அதை யோசிக்காமல் நிரப்பிவிடுகிறார்கள். கத்தோலிக்கர் என்றோ, அங்குள்ள புராட்டஸ்டண்ட் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றோ பதிவானால், கட்டும் வருமான வரியில் 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், திருச்சபை வரியாகக் கூடுதலாகப் பிடிப்பார்கள். பொய் எழுதச் சொல்லவில்லை; விளைவு தெரிந்து எழுதுங்கள்.

பிறகு அதே ஊருக்குள் அறை மாறினாலும் இரண்டு வாரங்களுக்குள் புதிய முகவரியைப் பதிய வேண்டும். படிப்பு முடிந்து நாடு திரும்பும்போது பதிவை நீக்கவும் வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்துகொள்ளலாம்.