பிளஸ் டூ பசங்களும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கும்: மும்பைலேருந்து கேள்வி பதில்

நான் பிகேசில (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) ஒரு இந்திய இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல ஐபிஓ டீம்ல (கம்பெனி முதல் தடவையா பொதுமக்களுக்குப் பங்கு விக்கிறதுதான் ஐபிஓ) இருக்கேன், வளர்ந்தது ஆன்டாப் ஹில். பத்தாவது, பன்னெண்டாவது பசங்களும் அவங்க வீட்டுப் பெரியவங்களும் கேட்டத இங்க சேர்த்துப் போட்டிருக்கேன், ஒரே கேள்விய நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணா ஆக்கிட்டேன்.

அக்கா, இன்வெஸ்ட்மென்ட் பேங்க்னா நம்ம பணத்த வாங்கி ஷேர்ல போடுறவங்களா? (பத்தாவது, மாட்டுங்கா)

இல்லடா, நீ சொல்றது மியூச்சுவல் ஃபண்டு. எங்ககிட்ட வர்றவங்க கம்பெனிக்காரங்க. பிவண்டில பேக்கேஜிங் ஃபேக்டரி வச்சிருக்க ஒருத்தருக்கு 500 கோடி வேணும்னு வை, ஐபிஓ போறதா, பெரிய முதலீட்டாளர் யாராவது ஒருத்தருக்குப் பங்கு குடுக்கறதா, இல்ல கம்பெனியவே வித்துடறதா, கம்பெனிக்கு என்ன விலை போடலாம், யாரு வாங்குவாங்க, இதெல்லாம் உக்காந்து முடிச்சுக் குடுத்து அதுக்கு ஃபீஸ் வாங்குறதுதான் எங்க வேலை. பங்குச் சந்தையக் கண்காணிக்கிற செபி புஸ்தகத்துல எங்களுக்குப் பேரு மெர்ச்சன்ட் பேங்கர்.

பதினொண்ணாவதுல காமர்ஸ் எடுத்துட்டேன், மேத்ஸ் எடுக்கணுமா எஸ்பி (செக்ரடேரியல் பிராக்டிஸ்) எடுக்கணுமான்னு குழப்பம். எஸ்பில மார்க் ஈஸியா வரும்னு எல்லாரும் சொல்றாங்க. (செம்பூர்)

மேத்ஸ். யோசிக்கவே வேணாம். எஸ்பில ஒரு பத்து மார்க் கூட வரும், ஆனா டெல்லி யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் ஆனர்ஸ் படிக்கணும்னா மேத்ஸ் இல்லாம முடியாது, ஐஐஎம் இந்தூர்ல பிளஸ் டூ முடிச்ச உடனே சேர்ற அஞ்சு வருஷ கோர்ஸ் இருக்கு, அதோட என்ட்ரன்ஸ்ல கணக்குதான் ஆள வடிகட்டும், சிஏவோட முதல் பரீட்சை ஃபவுண்டேஷன்லயும் ஒரு பேப்பர் கணக்கு, அப்புறம் எம்பிஏ என்ட்ரன்ஸ் கேட். இப்ப விட்டுட்டு நாலு வருஷம் கழிச்சு மறுபடி ஆரம்பிக்கறது ரொம்பக் கஷ்டம்.

சயின்ஸ் எடுத்தவங்களும் கேட்டிருந்தீங்க. தாராளமா வரலாம், எங்க ஆஃபீஸ்ல இன்ஜினியரிங் முடிச்சு எம்பிஏ பண்ணவங்க நிறைய. ஆனா பேங்கிங்குக்காக மட்டும் ஜேஇஇ கோச்சிங்ல ரெண்டு வருஷம் போட வேணாம்.

மேடம், பையன் பி.காம் கடைசி வருஷம், பொண்ணு பன்னெண்டாவது. ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஒண்ணரை லட்சம் கட்டுனா ஆறு மாசத்துல இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலை கேரன்டின்னு சொல்றாங்க, பெரிய பெரிய அமெரிக்க பேங்க் பேரெல்லாம் போட்டிருக்கு. ரெண்டு பேரையும் சேர்த்துடலாமா? (டோம்பிவிலி)

அண்ணே, பணத்தக் கட்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க. அவங்க சொல்றது முழுப் பொய்யும் இல்ல, அதான் பிரச்சனையே. வேலை கிடைக்கலாம், ஐடி கார்டுல அந்த பேங்க் பேரே இருக்கலாம். ஆனா வேலை என்னன்னா ஆபரேஷன்ஸ். ஷேர் வாங்கி வித்ததுக்கு அப்புறம் பணமும் பங்கும் சரியா கை மாறிடுச்சான்னு பாக்குற செட்டில்மென்ட், ரெண்டு பக்கக் கணக்கும் ஒத்துப் போகுதான்னு பாக்குற ரீகன்சிலியேஷன், கஸ்டமர் பேப்பர் சரிபார்க்குற கேஒய்சி, இந்த மாதிரி. மலாட், கோரேகாவ், ஐரோலி பக்கம் இருக்க பெரிய பெரிய பில்டிங்ல ஆயிரக்கணக்குல இந்த வேலை நடக்குது, பெங்களூர்லயும் அப்படித்தான். கல்யாண மண்டபத்துல வேலைன்னு ஒருத்தன் சொன்னா சமையலா, மேடை டெக்கரேஷனா, கணக்கு எழுதறதான்னு கேப்போம்ல, அது மாதிரி பேங்க் பேரக் கேட்டுட்டு நிறுத்தாம எந்த டீம், தினம் என்ன வேலைன்னு கேக்கணும்.

ஆபரேஷன்ஸ மட்டமா சொல்லல. மாசாமாசம் சம்பளம் வரும், ஷிஃப்ட் உண்டு, பி.காம் முடிச்ச பையனுக்கு நல்ல ஆரம்பம்தான். ஆனா அங்கேருந்து கம்பெனி வாங்கி விக்கிற டீமுக்கு மாறுறது ரொம்ப அபூர்வம், நடுவுல பெரும்பாலும் ஒரு நல்ல எம்பிஏவோ சிஏவோ தேவைப்படும். அதுவும் இல்லாம அந்த வேலைக்கு ஃப்ரெஷ்ஷரா நேரடியாவே அப்ளை பண்ணலாமே, ஒண்ணரை லட்சம் எதுக்கு?

இன்ஸ்டிட்யூட்ல போய் ரெண்டே கேள்வி கேளுங்க. போன பேட்ச்ல சேர்ந்தவங்களோட ஆஃபர் லெட்டர்ல பதவின்னு என்ன எழுதியிருந்தது? கேரன்டின்றத எழுத்துல, ரீஃபண்டோட குடுப்பீங்களா? பதில் சொல்லாம டெமோ கிளாஸுக்கு வாங்கன்னு சொன்னா வீட்டுக்கு வந்துடுங்க. பொண்ண இப்ப எதுலயும் சேர்க்காதீங்க, போர்டு எக்ஸாம் எழுதட்டும்.

அப்ப எது பண்ணலாம், சிஏவா எம்பிஏவா சிஎஃப்ஏவா? (பன்னெண்டாவது, சயான்)

வீட்டுல காசு டைட்டுன்னா சிஏ. சிஏ நடத்துற ஐசிஏஐக்குக் கட்டுற ஃபீஸ் மொத்தமாவே சுமாரா ஒரு லட்சத்துக்குள்ள அடங்கிடும், கோச்சிங் தனி, ஆடிட்டர்கிட்ட பயிற்சி எடுக்குற ஆர்ட்டிகிள்ஷிப் இப்ப ரெண்டு வருஷமா குறைச்சிட்டாங்க, அதுக்கு ஸ்டைபன்டும் வரும். ஆனா பாஸ் பண்றதுதான் விஷயம், ஒரே அட்டெம்ப்ட்ல எல்லாரும் வெளிய வர்றதில்ல. சிஏ முடிச்சு பெரிய ஆடிட் கம்பெனில, வாங்கப் போற கம்பெனியோட கணக்க அலசுற டியூ டிலிஜென்ஸ், அதுக்கு விலை போடுற வேல்யுவேஷன் டீம்ல ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு பேங்குக்கு வர்றது நல்லா பழகுன பாதை.

எம்பிஏன்னா காலேஜ் பேருதான் எல்லாமே. அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐஐஎம், டெல்லி எஃப்எம்எஸ், நம்ம ஊர்ல சர்ச்கேட் ஜம்னாலால் பஜாஜ், இந்த மாதிரி இடத்துக்குத்தான் பேங்க்காரங்க கேம்பஸுக்கு வருவாங்க. ஐஐஎம் அகமதாபாத்ல ஃபீஸே 20 லட்சத்துக்கு மேல. பேரு தெரியாத காலேஜ்ல 12 லட்சம் லோன் போட்டு ஃபைனான்ஸ் எம்பிஏ பண்றது எனக்குத் தெரிஞ்ச மட்டமான டீல்.

சிஎஃப்ஏ, அதாவது முதலீட்டு ஆய்வுக்கான அமெரிக்க சர்டிஃபிகேட் படிப்பு, உனக்கு இப்ப இல்ல. டிகிரி முடிய 23 மாசத்துக்குள்ள இருந்தாதான் லெவல் ஒண்ணு எழுதவே விடுவாங்க, ஃபீஸும் டாலர்ல. நல்ல படிப்பு, ஆனா அது மட்டும் வச்சு வேலை வராது.

உண்மையிலேயே நைட்டு ரெண்டு மணி வரைக்கும் வேலையா? அப்படி என்னதான் பண்ணுவீங்க? (பதினொண்ணாவது, முலுண்ட்)

ஆமா, தினமும் இல்ல, ஆனா ஃபைலிங் கிட்ட வந்தா கண்டிப்பா. ஐபிஓவுக்கு முன்னாடி செபில டிஆர்ஹெச்பின்னு ஒரு வரைவு தாக்கல் பண்ணணும், 400, 500 பக்கம் சர்வ சாதாரணம். அதுல இருக்க ஒவ்வொரு நம்பரையும் வட்டம் போடணும், நாங்க இதுக்கு சர்க்கிள்-அப்னு சொல்வோம். வட்டம் போட்ட நம்பருக்கெல்லாம் ஆடிட்டர் எந்தக் கணக்குலேருந்து வந்ததுன்னு சரிபார்த்து லெட்டர் குடுக்கணும். பிசினஸ் பத்தின பகுதில 14 மாநிலத்துல டீலர் இருக்காங்கன்னு இருக்கும், ரிஸ்க் பத்தின பகுதில 15னு இருக்கும், ராத்திரி ஒரு மணிக்கு கம்பெனியோட நிதித் தலைவர் சிஎஃப்ஓவ எழுப்பி எது சரின்னு கேக்கணும், அவரு கோவால கல்யாணத்துல இருப்பாரு. முதல் ரெண்டு வருஷம் இதுதான் வேலை. படத்துல வர்ற மாதிரி கோட்டு போட்டு கை குலுக்குறது மேல இருக்க எம்டிங்க (மேனேஜிங் டைரக்டருங்க) பண்றது. தப்பு கண்டுபிடிக்கிறதுல சந்தோஷம் வர்ற ஆளா இருந்தா பிடிக்கும், இல்லன்னா பைத்தியம் பிடிக்கும்.

இப்பவே பிராக்டிஸுக்கு அப்பா அக்கவுன்ட்ல ஆப்ஷன்ஸ் டிரேட் பண்றேன், ரெஸ்யூம்ல போடலாமா? (16 வயசு)

உடனே நிறுத்து. 2022லேருந்து 2024 நிதியாண்டு வரைக்கும் ஆப்ஷன்ஸும் சேர்ந்த எஃப் அண்ட் ஓல இறங்குன தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேர் நஷ்டம்னு செபியே ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டிருக்கு, மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. மைனருக்கு அதுல அனுமதியே கிடையாது, அப்பா பேர்ல பண்றேன்னு ரெஸ்யூம்ல எழுதுனா உன்னப் பத்தி நீயே புகார் குடுக்குற மாதிரி. அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடு.

சரி, காசு செலவில்லாம இப்ப என்ன பண்ணலாம்? (நிறைய பேர்)

செபி வெப்சைட்ல டிஆர்ஹெச்பி எல்லாம் இலவசமா கிடக்கு. உனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனியோடத இறக்கு. முழுசா படிக்காதே, தூக்கம் வரும். வர்ற பணம் எதுக்குன்ற பகுதி, ரிஸ்க், விலைய எதோட ஒப்பிட்டு நியாயப்படுத்துறாங்கன்ற பகுதி, இந்த மூணு போதும். 2024 அக்டோபர்ல ஹூண்டாய் இந்தியா ஐபிஓ வந்துச்சு, 27,870 கோடி, அதுவரைக்கும் நம்ம நாட்டுலயே பெருசு, அவ்வளவு பணத்துல இங்க இருக்க கம்பெனிக்கு ஒரு ரூபா கூட வரல, கொரியா தாய் கம்பெனி தன் பங்க வித்து எடுத்துட்டுப் போச்சு. 1,960 ரூபாய்க்குக் குடுத்த பங்கு சந்தைல லிஸ்டான அன்னிக்கே அதுக்குக் கீழ போயிடுச்சு. ஏன்னு நீயா ஒரு பக்கம் எழுதிப் பாரு. அப்படி நாலு எழுதி வச்சிருந்தா காலேஜ்ல இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல பேசறதுக்கு விஷயம் இருக்கும். கூடவே எக்ஸெல் பழகு, மவுஸ் தொடாம கீபோர்டுலயே.

நான் தாராவி, அப்பா இட்லி வியாபாரம். எங்களுக்கு யாரையும் தெரியாது, இங்கிலீஷும் சுமார். என்ன எடுப்பாங்களா அக்கா?

பொய் சொல்ல மாட்டேன் பாப்பா, ஆள் தெரிஞ்சவங்க பசங்களுக்கு முதல் இன்டர்ன்ஷிப் சுலபமா கிடைக்குது, நான் தினம் பாக்குறேன். ஆனா சிஏ ரேங்க்குக்கும் கேட் மார்க்குக்கும் அப்பா பேரு தேவையில்ல. உனக்கு நான் சிஏதான் சொல்வேன், கூட போதார் காலேஜ்லயோ எஸ்ஐஇஎஸ் காலேஜ்லயோ டிகிரி, ரெண்டும் உனக்குப் பக்கம். இங்கிலீஷுக்கு தினம் ஒரு பிசினஸ் பேப்பர சத்தமா படி, வீட்டுல சிரிச்சா சிரிக்கட்டும். அப்புறம் அப்பா வியாபாரத்துல ஒரு இட்லிக்கு அரிசி, உளுந்து, கேஸ், ஆள் கூலி எவ்வளவு ஆகுது, எவ்வளவு நிக்குதுன்னு ஒரு ஷீட் போடு. என்கிட்ட இன்டர்வியூக்கு வர்ற பல பேருக்கு ஒரு நிஜ வியாபாரத்தோட மார்ஜின் சொல்லத் தெரியல.

ராத்திரி அவ்வளவு நேரம்னா பொம்பளப் பிள்ள எப்படிம்மா வீடு வர்றது? (ஒரு அம்மா, செம்பூர்)

ஆஃபீஸ் கேப்ல வருவா ஆன்ட்டி, அதுக்குத் தனி ஏற்பாடு இருக்கு, பிகேசிலேருந்து செம்பூர் அந்த நேரத்துல ரொம்ப நேரம் ஆகாது. கீழ் மட்டத்துல பொண்ணுங்க நிறைய இருக்கோம், மேல போகப் போக குறையுது, அதுக்குக் காரணம் கேப் இல்ல. அந்தக் கதைய இன்னொரு நாள் எழுதறேன்.