எல்பிஎஸ் தொடாத செல்லிலும் பி38 விழித்திருப்பது ஏன்?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறேன். ரா 264.7 மேக்ரோஃபேஜ் (நோய் எதிர்ப்பு) செல்களுக்கு 100 நானோகிராம்/மிலி எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள்) கொடுத்து, பாஸ்போ-பி38க்கு (பாஸ்பேட் ஏறி விழித்த பி38 புரதம்) வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) எடுத்தேன். எதுவும் சேர்க்காத கன்ட்ரோலிலும் தடித்த பட்டை. எஸ்பி203580 என்ற பி38 தடுப்பான் போட்டும் பட்டை குறையவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? (ஜூரோங் வாசகி)

பதில்: ஆன்டிபாடிமேல் பழி போட அவசரப்படாதீர்கள். எல்பிஎஸ், டிஎல்ஆர்4 ஏற்பியில் தொடங்கி ஐராக்4, டேக்1, எம்கேகே3/6 எனக் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) கைனேஸாக இறங்கி, பி38இன் திரியோனின் 180, டைரோசின் 182 இரண்டிலும் பாஸ்பேட் ஏற்றுகிறது. குளிர், புற ஊதாக் கதிர், உப்புச் செறிவு மாற்றம் என்று எந்த நெருக்கடி வந்தாலும் கடைசிப் படிகள் பெரும்பாலும் இவையேதான். 1994இல் பி38ஐ அடையாளம் கண்ட ஆய்விலேயே எல்பிஎஸ்ஸும் உப்புச் செறிவும் சேர்ந்தே வந்தன.

ஆகவே, கன்ட்ரோல் தட்டு என்ன பாடுபட்டது என்று பாருங்கள். நம்மூர் ஆய்வுக்கூட ஏர்கானில் தட்டைப் பத்து நிமிடம் வெளியே வைத்தீர்களா? எல்பிஎஸ் சேர்க்கும்போதுதான் மீடியம் மாற்றினீர்களா? மீடியத்தை முந்தைய இரவே மாற்றிவிடுங்கள். செல்கள் தட்டில் 70–80 சதவீதம் நிறைந்திருந்தால் போதும். எல்பிஎஸ்ஸை 37 டிகிரி மீடியத்தில் பத்து மடங்கு செறிவில் கரைத்து, இருக்கும் மீடியத்திலேயே மெல்லச் சேர்க்கவும். கன்ட்ரோலுக்கும் அதே அளவு வெறும் மீடியம். 60 நிமிடத் தட்டுக்கு முதலிலும் 15 நிமிடத் தட்டுக்குக் கடைசியிலும் சேர்த்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். சுரண்டி எடுக்காமல், செல்லை உடனே கரைக்கும் சூடான எஸ்டிஎஸ் பஃபரைத் தட்டிலேயே ஊற்றுங்கள்.

பட்டை அப்போதும் இருந்தால் மீடியத்தில் உள்ள சீரத்தில் எண்டோடாக்சின் (எல்பிஎஸ்தான்) கலந்திருக்கலாம். ஒரு கன்ட்ரோலில் எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி மருந்தை 10 மைக்ரோகிராம்/மிலி சேருங்கள். பட்டை மங்கினால் குற்றவாளி அதுதான். மங்காவிட்டால் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் நுண்ணுயிரி) சோதனை செய்யுங்கள். அது டிஎல்ஆர்2 வழியாக உசுப்பும். சீரத்தை அடியோடு நிறுத்த வேண்டாம். எல்பிஎஸ்ஸை ஏற்பியிடம் சேர்க்கும் எல்பிபி புரதம் அதில்தான் இருக்கிறது.

பிளாட்டில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கப் பால் பவுடர் வேண்டாம், அதிலுள்ள கேசீன் புரதத்திலேயே பாஸ்பேட் உண்டு. டிபிஎஸ்டி கழுவு கரைசலில் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) போதும்.

எஸ்பி203580 விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். அது பி38இன் ஏடிபி இடத்தை அடைத்து, பி38 செய்யும் வேலையைத்தான் நிறுத்துகிறது. பி38மேல் எம்கேகே பாஸ்பேட் ஏற்றுவதை அல்ல. சில சமயம் பட்டை கூடவும் செய்யும், ஏனென்றால் டேப்1 புரதம் வழியாக டேக்1ஐ அடக்கி வைப்பதே பி38தான். தடுப்பான் வேலை செய்ததா என்று பார்க்க, பி38க்கு அடுத்த படியான பாஸ்போ-எம்கே2வைப் (பி38 பாஸ்பேட் ஏற்றிய எம்கே2 புரதம்) பிளாட் எடுங்கள்.