வெள்ளை ஈ உட்கார்ந்தால் ரகம் பொய்யா?

கே: தட்டைப்பயறு விதையை டின்னில் போட்டு மூடித்தான் வைத்தேன். இரண்டே மாதத்தில் வண்டு. எப்படி வந்தது? (பண்ருட்டி)

உங்கள் வயலிலிருந்துதான். வண்டு காயின் மேலேயே முட்டை வைத்துவிடும். நீங்கள் அதை டின்னுக்குள் குடிவைத்திருக்கிறீர்கள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை காயவைத்துவிட்டு மூடுங்கள். பச்சைப்பயறின் காட்டு ரகம் ஒன்றை வண்டு அண்டுவதில்லை. மடகாஸ்கரில் கிடைத்தது, அதை வைத்து ஒட்டுச் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள். தட்டைப்பயறில் அந்த அளவுக்கு அமையவில்லை.

கே: மஞ்சள் தேமல் வராது என்று வம்பன் 8 உளுந்து வாங்கி விதைத்தேன். இலைக்கு அடியில் வெள்ளை ஈ அப்பிக் கிடக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (காட்டுமன்னார்கோவில்)

இலை மஞ்சளானதா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! ஈ உட்காருவது வேறு, தேமல் வருவது வேறு. அந்த ரகம் எதிர்ப்பது ஈ சுமந்துவரும் வைரஸை, ஈயை அல்ல. ஈ வழக்கம்போல வந்து சாறு உறிஞ்சும். செடி பச்சையாகவே நிற்கும்.

பூச்சியை எதிர்ப்பது தனிச் சங்கதி. செடியில் உட்காரவோ முட்டை வைக்கவோ பூச்சிக்குப் பிடிக்காமல் போகலாம். தின்ற பூச்சி வளராமல் போகலாம். தின்றாலும் செடி சமாளித்துக் காய்க்கலாம். பெயின்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் 1951-லேயே இந்த மூன்றையும் பிரித்து எழுதிவிட்டார். விதைப் பையில் மட்டும் இன்றைக்கும் ‘பூச்சி, நோய் எதிர்ப்பு’ என்று ஒரே காற்புள்ளியில் வேலையை முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

சரி, இலையும் மஞ்சளாகியிருந்தால்? சுற்றிலும் பச்சை நிற்க, நடுநடுவே சில செடி மட்டும் முழுசாக மஞ்சளடித்தால் விதைக் கலப்போ என்று பாருங்கள். உளுந்து தனக்குத்தானே மகரந்தம் சேர்க்கும் பயிர். ரகம் சுலபத்தில் கெடாது, களத்திலும் அறுவடை மெஷினிலும்தான் கலக்கும். விதைப் பையோடு வரும் சான்று அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். இதை நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

கே: பூச்சி அதிகம். என்ன அடிக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்தப் பயிருக்கு? என்ன ரகம்?

கே: காய்ப்புழு தாங்கவில்லை. பி.டி. துவரை வந்துவிட்டதாமே? (விருத்தாசலம்)

வரவில்லை. புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைப் புகுத்திய பயிர்தான் பி.டி. இந்தியாவில் எந்தப் பயறிலும் அது சாகுபடிக்கு வரவில்லை. நைஜீரியாவில் 2019-ல் தட்டைப்பயறுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் வேறொரு காய்ப்புழுவுக்கு. யாராவது ‘பி.டி. துவரை’ என்று பை நீட்டினால் காசை எடுக்காதீர்கள். துவரையின் காட்டு உறவு ஒன்றுக்குக் காயில் மயிர் அடர்த்தி, குஞ்சுப் புழு துளைக்கத் திணறும். அந்தக் குணத்தைத் துவரைக்குள் கொண்டுவர ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வெகுகாலமாக மெனக்கெடுகிறார்கள். அப்புறம், உளுந்து மாதிரி நினைத்துத் துவரையில் விதை எடுத்துவைக்காதீர்கள், தேனீ கலந்துவிடும்.

கே: மல்லாட்டையில் (நிலக்கடலையில்) இலை தின்னும் புரொடீனியா புழு. எதிர்ப்பு ரகம் சொல்லுங்கள். (பாகூர்)

முழுசாகத் தடுக்கும் ரகம் இல்லை. அடுத்த பட்டத்தில் வரப்போரம் ஆமணக்கு போடுங்கள், இந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டை வைக்க முதலில் அதைத்தான் தேடும். முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி எடுங்கள். கிள்ளிய இலையை வரப்பிலேயே போட்டுவிட்டு வராதீர்கள்.