எண்ணெய்க் கிணற்றில் சிமெண்ட் எதற்கு?

கேள்வி: கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் எரிவாயுக் கிணறு தோண்டும் ரிக்கில் என் மகன் வேலை பார்க்கிறான். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் இறக்கும் நாளில்தான் எல்லாருக்கும் பதற்றம் என்கிறான். எங்கள் நிலத்துப் போர்வெல்லில் கேசிங் குழாயோடு வேலை முடிந்துவிடுகிறதே, அங்கே மட்டும் ஏன்?
– ஒரு வாசகர், நகரி

பதில்: உங்கள் போர்வெல்லில் மேல்மண் சரியாமல் இருந்தால் போதும், பாறை வந்ததும் குழாயை நிறுத்திவிடுவார்கள். எரிவாயுக் கிணற்றிலோ, குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைபடாவிட்டால், உயர் அழுத்த வாயு அதன் வழியே நன்னீர் அடுக்குக்கோ தரைக்கோ ஏறிவிடும்.

சிமெண்ட் பாலைக் குழாய்க்குள் செலுத்தி, அடிவழியாக வெளியேற்றி, வெளிப்புறத்தில் மேலேற வைப்பார்கள். கலவை சரியாக இருந்தும் வேலை கெடுவதற்கு முக்கியக் காரணம், துளையிடும்போது பயன்படுத்திய சேறு முழுதாக வெளியேறாமல் தங்கிவிடுவதுதான். குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சிமெண்ட் அகன்ற பக்கமாகவே ஏறும். குறுகிய பக்கத்தில் சேறு அப்படியே நிற்கும். இதைத் தடுக்கவே, குழாயை நடுவில் நிறுத்தும், வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகள் கொண்ட சென்ட்ரலைசர்களைக் குழாயில் மாட்டுகிறார்கள். சிமெண்ட்டுக்கு முன்பு சேற்றை நன்றாகச் சுழலவிட்டு இளக்குவதும், இரண்டும் கலந்து கெட்டிப்படாதபடி நடுவே ஸ்பேசர் திரவம் அனுப்புவதும், முடிந்தால் குழாயைச் சுழற்றுவதும் இதற்காகவே.

மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ எண்ணெய்க் கிணற்றில் 2010 ஏப்ரல் 20 அன்று வாயு பீறிட்டு வெடித்ததில் 11 பேர் இறந்தார்கள். அங்கே 21 சென்ட்ரலைசர்கள் பரிந்துரைக்கப்பட்டும் 6 மட்டுமே பொருத்தப்பட்டன. அது ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. நுரை கலந்த சிமெண்ட்டின் நிலைத்தன்மையிலும், பிறகு செய்த அழுத்தச் சோதனையைப் புரிந்துகொண்ட விதத்திலும் விசாரணையில் குறைகள் தெரிந்தன.

உங்கள் மகன் வேலை செய்யும் படுகையில் வெப்பமும் ஒரு சிக்கல். ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாதாரண சிமெண்ட் இறுகிய பிறகும் வலுவிழக்கும் என்பதால், சிமெண்ட் எடையில் சுமார் 35 சதவீதம் சிலிக்கா மாவு சேர்ப்பார்கள். மேலே கோப்பையில் எடுத்துவைத்த மாதிரி இறுகியதை வைத்துக் கீழே நடப்பதை முடிவு செய்யக் கூடாது. ஆய்வகத்தில் கிணற்றின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சோதித்துக் கண்ட இறுகும் நேரமே கணக்கு.

இறுகத் தொடங்கும் சிமெண்ட் தன் முழு எடையையும் கீழே செலுத்தாது. அதனால் வாயுவைத் தடுத்து நிறுத்தும் அழுத்தம் குறையும்; வாயு நுழைய அதுவே தருணம். இறுகிய பின் ஒலிக்கருவியை இறக்கிப் பார்ப்பார்கள்: சிமெண்ட் பற்றாத இடத்தில் குழாய் பலமாக ஒலிக்கும். அங்கே குழாயில் துளையிட்டு, அழுத்தத்தோடு மறுபடி சிமெண்ட் செலுத்தலாம். ஆனால் அதற்குச் செலவும் அதிகம், முழுதாக அடைபடும் என்ற உறுதியும் குறைவு.