ஷவர் நின்றுபோனால் ஃபியூஸ் கம்பியைத் தடிமனாக்காதீர்கள்

தம்பிக்கு வணக்கம்.

லண்டனுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது என்றும், ஐந்து மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய வீட்டில் விளக்குகளும் பிளக்குகளும் ஒழுங்காக இருக்க மின்சார ஷவர் மட்டும் நின்றுவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். மாடிப்படிக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் கம்பியைச் சற்றுத் தடிமனாகப் போட்டுக்கொள்ளும்படி வீட்டுக்காரர் சொன்னதாகவும், அப்படிச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யவே செய்யாதீர்கள். வங்கிக் கணக்கு, பகுதி நேர வேலை, குளிர்காலக் கோட்டு பற்றிய மற்ற கேள்விகளுக்கு உங்கள் பல்கலைக்கழகத்து மூத்த மாணவர்கள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நானும் இதே கேள்வியோடு நின்றவன் என்பதால், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்க் கீசரை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஷவரை எடைபோடக் கூடாது. கீசர் 2 அல்லது 3 கிலோவாட் மின்சாரத்தில் தொட்டி நீரை நிதானமாகச் சூடாக்குகிறது. இங்குள்ள மின்சார ஷவருக்குத் தொட்டியே கிடையாது. குழாயில் வரும் குளிர்ந்த நீரை அது ஓடுகிற ஓட்டத்திலேயே சூடாக்கித் தர வேண்டும். நிமிடத்துக்கு நாலரை லிட்டர் நீரின் வெப்பத்தை 30 டிகிரி உயர்த்த வேண்டுமென்றால் ஏறத்தாழ 9.5 கிலோவாட் தேவை. அதாவது, குளிக்கும் நேரம் முழுவதும் ஒரே கம்பியில் ஏறத்தாழ 40 ஆம்பியர் ஓடுகிறது. வீட்டில் வேறு எந்தச் சாதனமும் இவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து இழுப்பது அரிது. அதனால்தான் ஷவருக்கென்று தனிக் கேபிள், தனி ஃபியூஸ், கூரையிலிருந்து கயிறு தொங்கும் தனிச் சுவிட்சு எல்லாம் வைக்கிறார்கள். பழைய வீட்டின் வயரிங் முதலில் தோற்றுப்போவதும் இந்த இடத்தில்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தில், சிவப்புப் புள்ளி போட்ட ஃபியூஸ் கட்டை தெரிகிறது. இந்த நாட்டுப் பழைய பெட்டிகளில் வெள்ளைப் புள்ளி 5 ஆம்பியருக்கு, நீலம் 15க்கு, மஞ்சள் 20க்கு, சிவப்பு 30க்கு, பச்சை 45க்கு. ஒரு காலத்தில் அங்கே 7 கிலோவாட் ஷவர் இருந்திருக்கும். அதற்கு 30 ஆம்பியர் போதும். பிறகு யாரோ பெரிய ஷவரை வாங்கி மாட்டிவிட்டு, கேபிளையும் ஃபியூஸையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி 40 ஆம்பியர் ஓடியவுடனே உருகிவிடாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. குறித்த அளவைப்போல ஏறத்தாழ இருமடங்கு ஓடினால்தான் அது சட்டென்று உருகும். அதற்குக் குறைவாக ஓடும்போது தினமும் சூடேறி, ஆறி, நாளடைவில் நலிந்து ஒரு நாள் அறுகிறது. அத்தனை நாளும் சுவருக்குள்ளும் குளிரைத் தடுக்கப் பரணில் பரப்பிய பஞ்சுக்கு அடியிலும் கிடக்கும் கேபிளும் வெந்துகொண்டுதான் இருந்திருக்கும். கம்பியைத் தடிமனாக்கினால், அறுந்து எச்சரித்த அந்த ஒரு பாதுகாப்பையும் நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

நாங்கள் அதைத்தான் செய்தோம். மூன்று படுக்கையறையில் ஆறு பேர் இருந்தோம். எங்களுக்கு முன்பே வந்திருந்த ஓர் அண்ணன், எல்லோரும் மதிக்கும் மனிதர், பழைய வயரிலிருந்து செம்பு இழைகளை உருவி முறுக்கிக் கட்டையில் கட்டினார். ஷவர் ஓடியது, அன்று நாங்கள் அவரைக் கொண்டாடினோம். பதினோராம் நாள் காலையில், கடைசி ஆளாக நான் குளித்துக்கொண்டிருந்தபோது மீன் அழுகியது போன்ற ஒரு நாற்றம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கயிற்றுச் சுவிட்சின் வெள்ளை மூடி பழுப்பேறி வளைந்திருந்தது. ஈரத்தோடு கீழே ஓடி, கைகளைத் துடைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். பிற்பகலில் வந்த முதிய எலெக்ட்ரிஷியன் அந்தச் சுவிட்சைக் கழற்றி, கருகிய செம்பையும் தொட்டவுடன் உதிர்ந்த மேலுறையையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதற்கு நேர் மேலேதான் பரணில் எங்கள் அட்டைப் பெட்டிகளையெல்லாம் அடுக்கியிருந்தோம். அன்று இரவு ஆறு பேரில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியவை குறைவே. ஷவரின் கயிற்றை இழுத்து அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். சுவிட்சில் பழுப்புக் கறையோ தீய்ந்த நாற்றமோ இருக்கிறதா என்று தொடாமல் பாருங்கள். இருந்தால் மெயினையும் அணைத்துவிட்டு, அன்றைக்கே எலெக்ட்ரிஷியன் வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டாம். மீட்டருக்குப் பக்கத்தில் முத்திரையிட்டிருக்கும் பெரிய ஃபியூஸ் மின்விநியோக நிறுவனத்துக்குச் சொந்தமானது, அதன் பக்கமே போகாதீர்கள். நண்பர்கள் இருக்கும் வீட்டில் புதிய பெட்டியும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.டி.யும் இருந்து, ஷவரைப் போட்டவுடன் அந்த ஆர்.சி.டி. விழுந்தால், ஒரு முறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் ஷவருக்குள் மின்கசிவு இருக்கிறது என்று கொண்டு விட்டுவிட வேண்டும்.

பெட்டியில் வைத்து ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் சூடாக்கும் ராடைப் பயன்படுத்தலாமா என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்த வரி அதுதான். இந்த நாட்டுக் குளியலறையில் சாதாரண பிளக்கு இல்லாதது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். படுக்கையறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, ஈரத் தரையில் வாளியை வைத்து, ஆர்.சி.டி. இல்லாத பழைய பெட்டியின் மின்சாரத்தில் ராடைப் போட்டால், அதன் உறை விரிசல் விட்டிருந்தால் கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பவர் பிழைப்பது அரிது. உங்கள் சமையலறைக் குழாயில் பாய்லரிலிருந்து வெந்நீர் வருகிறது அல்லவா? அதை வாளியில் பிடித்துக் குவளையால் மொண்டு குளியுங்கள். நாங்கள் ஆறு பேரும் பிப்ரவரிக் குளிரில் மூன்று வாரம் அப்படித்தான் குளித்தோம், ஒருவரும் வேலைக்குத் தாமதமாகப் போகவில்லை. அந்த ஒழுங்கை நாங்களே அமைத்துக்கொண்டோம் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

வீட்டுக்காரர் நம் ஊர்க்காரர், முகத்தை முறித்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம் இது. நம்மவர்களில் சிலர் தாங்கள் பட்ட கஷ்டத்தை அடுத்து வருகிறவர்களும் படுவதே முறை என்று நம்புகிறார்கள். இருபது ஆண்டாக எலெக்ட்ரிஷியனுக்கு ஒரு பவுண்டு கொடுத்ததில்லை என்று விருந்துகளில் பெருமை பேசுவதையும் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமைக்கு வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் விலை கொடுக்கக் கூடாது. எங்கள் காலத்தில் இல்லாத சட்டம் உங்களுக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, வாடகை வீட்டின் வயரிங்கை ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, இ.ஐ.சி.ஆர். என்னும் அறிக்கையின் பிரதியைக் குடிவருகிறவருக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். அதில் சி1 என்றால் இப்போதே ஆபத்து, சி2 என்றால் ஆபத்தாகக்கூடியது. இவற்றை 28 நாளுக்குள், அறிக்கை சொன்னால் அதற்கும் முன்பே, சரிசெய்தாக வேண்டும். சி3 என்பது பரிந்துரை மட்டுமே. வீட்டுக்காரரும் அதே வீட்டில் உங்களோடு சேர்ந்து குடியிருந்தால் இந்த விதிகள் பொருந்தாது. ஆனால் அவர் வேறிடத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தவிர, ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேர் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் வீட்டுக்குக் கவுன்சில் என்னும் உள்ளாட்சி அமைப்பின் உரிமமும் வேண்டும்.

இன்றிரவே அவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: ஷவர் எந்தத் தேதியில் நின்றது, பெட்டியின் படம், அறிக்கையின் பிரதி வேண்டும் என்ற கோரிக்கை, பதிவு பெற்ற எலெக்ட்ரிஷியன் வந்து பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை, எழுதியதற்கு உண்டு. பதில் வராவிட்டால் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்கு எழுதலாம். வீட்டுப் பழுதைப் பற்றிப் புகார் செய்வது விசா நிபந்தனையை மீறுவதாகாது. புதிய பெட்டி பொருத்தினால் வேலை முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள். புதிதாக வேறு ஷவரை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, கேபிளை மாற்றாமல் போகிறார்களா என்பதை அருகிலேயே நின்று கவனியுங்கள், 9.5 கிலோவாட்டுக்கு வழக்கமாக 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுப்பார்கள். அறிக்கை கையில் கிடைத்ததும் சி1, சி2 குறியீடுகள் உள்ள பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.